மீண்டும் பாடத்துக்கு: ஏலமலைச் சரிவின் நடுநிலை வகுப்புகளில் வாசிப்புச் செயல்பாடுகள்

1. ஆராயும் கேள்வி

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடவேளையில் நடக்கும் ஒரு செயல்பாட்டை, பாடத்தை வாசிக்காமலேயே ஒரு மாணவர் செய்து முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அந்தச் செயல்பாட்டால் வாசிப்புக்கு என்ன ஆதாயம்? கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்குள் செயல்பாடுகள் நிறையவே வந்திருக்கின்றன. மனவரைபடம், குழு விவாதம், நடித்துக் காட்டுதல், படத்தொகுப்பு, சொல் விளையாட்டு, இரண்டு நிமிடப் பேச்சு எனப் பட்டியல் நீளும். ஆசிரியர் ஒருவரே பேசிக்கொண்டிருந்த வகுப்பில் பிள்ளைகளின் குரல் கேட்கத் தொடங்கியது. அது பெரிய மாற்றம். எனினும் வகுப்பு கலகலப்பாக இருப்பதும் வகுப்பு வாசிப்பதும் வேறு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் நேர்ந்த இழப்பைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

கேள்வியை ஓர் இடத்தில் ஊன்றி வைத்து ஆராய்வது நல்லது. அதற்குத் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவையும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின் ஏலம் நடக்கும் இரண்டு ஊர்களில் போடி ஒன்று. மற்றொன்று மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் புற்றடி. கீழே கிட்டங்கிகளில் காய் தரம் பிரிக்கப்படுகிறது. விடியற்காலையில் ஜீப்புகளில் பெண்கள் போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். இந்த வீடுகளின் பிள்ளைகள்தான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளிலும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளிலும், நகரத்தின் உதவி பெறும் பள்ளிகளிலும் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு பயிரைப் பற்றியும் ஒரு சந்தையைப் பற்றியும் வயதுக்கு மீறிய அறிவு அவர்களிடம் இருக்கிறது. அந்த அறிவுக்கும் தமிழ்ப் பாடநூலின் பக்கங்களுக்கும் இடையே வழி இருக்கிறதா என்பது கேள்வியின் இரண்டாவது பகுதி.

2. ஆறாம் வகுப்பில் மாறுவது என்ன

வாசிப்பின் வளர்நிலைகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஜீன் சால் 1983இல் எழுதிய நூல், வாசிக்கக் கற்கும் பருவத்தையும் வாசித்துக் கற்கும் பருவத்தையும் வேறுபடுத்தியது. முதற்பருவத்தில் தேறிய பிள்ளைகளுள் பலர் இரண்டாவதில் தடுக்கி விழுவதை அவர் சுட்டினார். எழுத்துக் கூட்டத் தெரியும், ஒலியும் சரியாக வரும்; பத்தியின் பொருள் மட்டும் பிடிபடாது. நம் சூழலில் இந்தத் தடுக்கல் ஆறாம் வகுப்பையொட்டி வருகிறது. இயல்கள் நீண்டு, அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனிப் புத்தகங்களாகப் பெருத்து, எல்லாப் பாடமும் வாசிப்பை நம்பி நிற்கத் தொடங்கும் இடம் அது.

தமிழுக்கு என்றே உள்ள ஒரு தடையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்துகளைக் கற்றுவிட்டால் தமிழை ஒலித்துவிடலாம். அதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘மழை ஓய்ந்ததும், பெண்கள் பறித்த காய்களை அளந்து வாங்கிய கணக்கர், ஈரம் மிகுந்த மூட்டைகளைத் தனியே வைக்கச் சொன்னார்.’ அளந்தது யார்? வினைமுற்று கடைசியில் நிற்கிறது. ‘பறித்த’ என்னும் பெயரெச்சம் காய்களைத் தழுவுகிறது. ‘வாங்கிய’ என்பது கணக்கரைத் தழுவுகிறது. முதலில் கண்ணில் படும் பெயர் ‘பெண்கள்’ என்பதால், எழுத்தை மட்டும் வாசிக்கும் பிள்ளை அளந்தவரும் அவர்களே என்று கொள்ளும். பேச்சில் இவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை. ‘பொம்பளைக காய் பறிச்சாங்க. கணக்கர் அளந்து வாங்குனாரு’ என்று துண்டு துண்டாகவே வரும். ஆகவே வீட்டுத் தமிழ் எவ்வளவு வளமாக இருந்தாலும், எச்சங்கள் அடுக்கிய எழுத்து வாக்கியத்தை அவிழ்க்கும் பயிற்சி அதிலிருந்து தானாகக் கிடைத்துவிடாது. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இருக்கும் சான்றுகள் என்ன சொல்கின்றன? ஊரகப் பகுதிகளில் எடுக்கப்படும் ‘அசர்’ ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் சுமார் 40 விழுக்காடு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் 2022இல் சுமார் 25 விழுக்காடு. 2022இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள் அடுத்த மூன்றாண்டுகளில் நடுநிலை வகுப்புகளைக் கடந்தார்கள். ஆனால் அசர் அளப்பது உரக்க வாசிப்பதை. பொருள் கொண்டதை அது அளப்பதில்லை. பொருள் கொள்வதை அளந்த பழைய சான்று ஒன்று உண்டு. பதினைந்து வயதினருக்கான ‘பிசா’ தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் இந்தியாவிலிருந்து இமாச்சலப் பிரதேசமும் தமிழ்நாடும் பங்கேற்றன. 2011 இறுதியில் வெளியான முடிவில் தமிழ்நாட்டின் வாசிப்பு மதிப்பெண் 337. அடிப்படை நிலையை எட்டியவர்கள் சுமார் 17 விழுக்காடு மட்டுமே. தேர்வை நடத்திய அமைப்பின் உறுப்பு நாடுகளில் அது 81.

அந்த முடிவு வெளிவந்தபோது எழுந்த மறுப்பு, வினாக்கள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமான வாழ்க்கைச் சூழலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது. அதில் நியாயம் உண்டு. ஐந்தாம் பகுதியில் அதற்குத் திரும்புகிறேன். ஆனால் அடிப்படை நிலை கேட்பது மிகச் சிறியது: பத்தியில் ஒரு தகவலைத் தேடி எடுப்பது, இரண்டு தகவல்களை இணைப்பது. சூழல் அந்நியம் என்பதைக் கொண்டு மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்கிவிட முடியாது.

3. படைப்பாற்றல் கல்வி: கொடுத்ததும் விட்டதும்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையிலிருந்து ஊக்கம் பெற்று, 2007–08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. அதே காலத்தில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வந்தது படைப்பாற்றல் கல்வி. ஆசிரியர் அறிமுகம் செய்வார், மாணவர் தனியே படிப்பார், அடிக்கோடிடுவார், மனவரைபடம் வரைவார், குழுவில் தொகுத்து வகுப்பின்முன் வழங்குவார், பின்னர் வலுவூட்டலும் மதிப்பீடும். வரிசையைப் படித்தால் வாசிப்பு அதன் நடுவில் நிற்பது தெரியும். ஒரு தமிழ் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் மௌனமாகத் தாமே படிக்க வேண்டும் என்று ஓர் அரசு முறை சொன்னது சிறிய விஷயமில்லை.

அப்படியிருந்தும் நடைமுறையில் மனவரைபடமே அந்த முறையின் முகமாகிப்போனது. காரணம் எளிது. அது கண்ணுக்குத் தெரியும். பார்வையிட வரும் அலுவலரிடம் காட்டலாம், சுவரில் ஒட்டலாம், கோப்பில் வைக்கலாம். பிள்ளை ஒரு வாக்கியத்தில் தடுமாறி, திரும்பப் போய், பொருளைப் பிடித்ததைக் கோப்பில் வைக்க முடியாது. மனவரைபடத்தையோ துணைத் தலைப்புகளையும் தடித்த எழுத்துச் சொற்களையும் பொறுக்கியே வரைந்துவிடலாம். நோட்ஸைப் பார்த்தும் வரையலாம். நடுவில் பாடத்தின் பெயர், சுற்றிலும் ஆறு கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெயர்ச்சொல். அந்தப் பெயர்ச்சொற்களுக்கு இடையே என்ன உறவு, எது காரணம், எது விளைவு, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் கிளைகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் தங்கிவிடும். வாக்கியத்தின் உயிர் வினையில் இருக்கிறது; மனவரைபடம் வினையை உதிர்த்துவிடுகிறது.

இதே வயதினருக்கென அமெரிக்காவில் பாலின்சரும் பிரவுனும் வகுத்து 1984இல் வெளியிட்ட முறையை இதனோடு ஒப்பிடலாம். எழுத்தைச் சரியாக ஒலித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களே அவர்கள் எடுத்துக்கொண்டவர்கள். சிறு குழு ஒன்று ஒரு பத்தியைப் படிக்கும். முறைவைத்து அதை வழிநடத்தும் மாணவர் வினா எழுப்புவார், சுருக்கிச் சொல்வார், புரியாத இடத்தைத் தெளிவுபடுத்துவார், அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார். ஆசிரியர் முதலில் தாமே செய்துகாட்டி, சிறிது சிறிதாகப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டு விலகுவார். அம்முறையால் வாசித்துப் பொருள் கொள்ளும் திறன் கணிசமாக உயர்ந்தது.

படைப்பாற்றல் கல்வியில் சுருக்குதல் இருந்தது, வினா இருந்தது, குழுவும் இருந்தது. இல்லாமற்போனது மூன்றாவது வேலை. ‘இந்த இடம் எனக்குப் புரியவில்லை’ என்று சொல்வதற்கு அதில் இடமே ஒதுக்கப்படவில்லை. குழுவின் முடிவு வகுப்பின்முன் வழங்கப்பட வேண்டியது என்பதால், புரிந்த பிள்ளை முன்னே போனது; புரியாத பிள்ளை சார்ட்டுக்கு வண்ணம் தீட்டியது. அந்த முறையைச் சத்தம் என்று குறை சொன்னவர்களும் சுதந்திரம் என்று கொண்டாடியவர்களும் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

4. இன்றைய பாடநூலின் பயிற்சிகள்

2018–19இல் ஆறாம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் வந்த தமிழ்ப் பாடநூல்கள், அதற்கு முந்தையவற்றைவிட எல்லா வகையிலும் மேலானவை. கவிதைப்பேழை, உரைநடை உலகம், விரிவானம், கற்கண்டு என ஒவ்வொரு இயலும் பகுக்கப்பட்டிருக்கிறது. பாடம் முடிந்ததும் ‘கற்பவை கற்றபின்’. இயல் முடிவில் ‘மொழியை ஆள்வோம்’, ‘மொழியோடு விளையாடு’, ‘நிற்க அதற்குத் தக’. அச்சும் படமும் பிள்ளைகளை மதிக்கின்றன.

இந்தப் பயிற்சிகளை முதற்பகுதியின் கேள்வியைக் கொண்டு சலித்துப் பார்க்கலாம். ‘கற்பவை கற்றபின்’ பகுதியில் பெரும்பாலும் கேட்கப்படுவது பாடத்துக்கு வெளியே போவது: இதுபோன்ற வேறு பாடல்களைத் திரட்டுக, படங்களைத் தொகுக்க, இன்ன பொருள் பற்றிக் கலந்துரையாடுக. போகவேண்டிய இடம்தான். ஆனால் பாடத்தைப் படித்தவரும் படிக்காதவரும் ஒரேமாதிரிச் செய்யக்கூடிய வேலை அது. மதிப்பீட்டு வினாக்கள் எதிர்த்திசையில் நிற்கின்றன. சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதும் கோடிட்ட இடம் நிரப்புவதும் பாடத்தின் ஒரு வரியை அப்படியே கேட்கின்றன. வரியை மனப்பாடமாக வைத்திருந்தால் போதும். வெளியே போகும் வேலைக்கும் வரியைத் திருப்பிச் சொல்லும் வேலைக்கும் நடுவில், பத்தியோடு மல்லுக்கட்டும் வேலை குறைந்துபோயிருக்கிறது.

கற்கண்டுப் பகுதியில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் வினைமுற்று, எச்சம், வேற்றுமை, புணர்ச்சி, வல்லினம் மிகும் இடங்கள் எல்லாம் வருகின்றன. இவை யாவும் வாசிப்பின் கருவிகள். பெயரெச்சம் எந்தப் பெயரைத் தழுவுகிறது என்று கண்டுபிடிப்பது இரண்டாம் பகுதியில் பார்த்த வாக்கியத்தை அவிழ்ப்பதற்கான நேரடி வழி. ‘மூட்டைகளைத் தனியே’ என்பதில் மிகும் வல்லினம், முந்தைய சொல் எதுவாகப் பயன்படுகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டும் அடையாளம். ஆனால் வகுப்பில் எச்சம் என்பது வரையறை, வகை, எடுத்துக்காட்டு என்ற அளவில் நின்று, தேர்வில் இரண்டு மதிப்பெண்ணாக முடிகிறது. இலக்கணத்தை உரைநடை உலகத்தின் பத்திக்குள் கொண்டுபோய் வைத்தால், நடுநிலை வகுப்புக்கு இதைவிடக் கூர்மையான வாசிப்புச் செயல்பாடு இராது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு நீண்ட வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, வினைமுற்றை முதலில் வட்டமிடச் சொல்லி, அங்கிருந்து பின்னோக்கி ‘யார்? எதை? எப்படிப்பட்ட?’ என்று கேட்டுக்கொண்டே போவதற்குப் பத்து நிமிடம் போதும். சார்ட்டு வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம்.

5. பிள்ளைகளின் முன்னறிவு: ஆதரவும் ஆபத்தும்

சூழல் அந்நியமானது என்ற மறுப்புக்கு இப்போது வருவோம். ரெக்ட், லெஸ்லி என்னும் இரு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பொருந்தும். அவர்களும் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களையே எடுத்தார்கள். ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் பகுதியை விவரிக்கும் பத்தியைக் கொடுத்து, சிறு மைதான மாதிரியில் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்புத் தேர்வுகளில் பின்தங்கியும் பேஸ்பாலை நன்கு அறிந்திருந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கக்கூடிய ஆனால் அந்த ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விஞ்சிவிட்டார்கள். வாசிப்புத் திறன் என்று நாம் அளப்பதில் பொருளறிவின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை அது காட்டியது.

ஏலமலைச் சரிவுக்கு இதை மாற்றிப் போட்டுப் பார்த்தால் நம்பிக்கை பிறக்கிறது. ஏலச் செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்வதும், முற்றிய காயை மட்டும் குனிந்து பறித்து இளங்காயை அடுத்த சுற்றுக்கு விடுவதும், பச்சைக்காயை அன்றன்றைக்கே ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்துக்குக் கொண்டுபோய் உலர்த்தாவிட்டால் நிறம் போய் விலை போவதும், ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ ஆவதும் இந்த வீடுகளில் அன்றாடப் பேச்சு. கடற்கரை பற்றியோ மாநகரம் பற்றியோ உள்ள பத்தியில் தடுமாறும் பிள்ளை, உலர்த்தும் முறை பற்றிய பத்தியில் தலைநிமிரும்.

ஆனால் இந்த வாதத்தை இங்கேயே நிறுத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உள்ளூர்மயம் பேசுவோர் பலர் அதைக் கவனிப்பதில்லை. தெரிந்த பொருளைப் பற்றிய பத்தியைக் கொடுத்தால், பிள்ளை பத்தியைப் படிக்காமல் தெரிந்ததைக் கொண்டே விடை சொல்லிவிடலாம். ‘காயை ஏன் உடனே உலர்த்த வேண்டும்?’ என்று கேட்டால் பத்தி எதற்கு? அம்மா சொன்னதே போதும். அப்போது உள்ளூர்ப் பாடமும் மனவரைபடத்தின் கதியையே அடையும்: வகுப்பு உற்சாகமாக இருக்கும், வாசிப்பு நடந்திருக்காது.

ஆகவே உள்ளூர்ப் பொருளில் அமைக்கும் பத்தி, பிள்ளைக்குத் தெரிந்ததில் தொடங்கித் தெரியாததில் முடிய வேண்டும். எடுத்துக்காட்டாக, இன்று உலகில் மிகுதியாக ஏலக்காய் விளைவிப்பது மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் வழியாக அங்கே போன பயிர் அது. அந்நாட்டு மக்களின் சமையலில் அதற்குப் பெரிய இடமில்லை. விளைவதில் பெரும்பங்கு அரபு நாடுகளின் காப்பிக்குப் போகிறது. போடியின் விலையைக் குவாத்தமாலாவின் விளைச்சலும் அசைக்கிறது. இப்படி ஒரு பத்தியில் பயிரும் பறிப்பும் தெரிந்தவை. நாடும் வாணிபமும் புதியவை. வினா புதிய பகுதியிலிருந்து வர வேண்டும். அதேபோல, ஏலப்பூ காய் பிடிக்கத் தேனீ வேண்டும் என்பதை விளக்கும் பத்தி, மருந்தடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அவர் அறிந்த ஒன்றைப் புதிய கோணத்திலிருந்து காட்டும். அங்கே அவர் பத்தியோடு உடன்படலாம், முரண்படலாம். எதைச் செய்தாலும் பத்திக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

6. சில செயல்பாடுகள்

மேற்சொன்ன அளவுகோலுக்கு உட்பட்டு மூன்று செயல்பாடுகளை இங்கே விரித்துப் பார்க்கிறேன். முதலாவதில் மட்டும் சற்று நின்று பேச வேண்டும். இந்த ஊருக்கே உரிய வாய்ப்பு அது.

நறுமணப் பொருள் வாரியம் ஏலம் நடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அட்டவணை வெளியிடுகிறது. நாள், ஏல நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவை அதில் இருக்கும். நாளிதழ்களும் உச்ச விலை ஏறும்போது செய்தி போடுகின்றன. 2019 ஆகஸ்ட் மாதம் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாயைத் தொட்டபோது பரபரப்பான தலைப்புகள் வந்தன. ஆனால் உச்ச விலை என்பது ஒரு லாட்டுக்குக் கிடைத்தது. சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு நாளின் அட்டவணையையும், அதை வைத்து ஆசிரியர் எழுதிய இரண்டு சிறு செய்திகளையும் கொடுக்கலாம். ஒன்றின் தலைப்பு உச்ச விலையைப் பிடித்துக்கொண்டு பேசும். மற்றது சராசரியைப் பேசும். எந்தச் செய்தியின் எந்த வாக்கியத்துக்கு அட்டவணையில் ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிள்ளைகள் அடிக்கோடிட வேண்டும். பிறகு அதே அட்டவணைக்கு மூன்றாவது செய்தியை நான்கே வாக்கியங்களில் தாமே எழுத வேண்டும். எண்களைப் படிப்பது கணக்குப் பாடம் என்று ஒதுக்கக் கூடாது. ‘வந்தது’ என்பதற்கும் ‘விற்றது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, ‘தொட்டது’ என்பதற்கும் ‘நிலைத்தது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, எல்லாம் மொழிப் பாடம். பிசா போன்ற தேர்வுகள் அட்டவணையையும் வரைபடத்தையும் வாசிப்புப் பொருளாகவே கொள்கின்றன. நம் தமிழ் வகுப்பு செய்யுளும் உரைநடையும் மட்டுமே வாசிப்பு என்று கருதி வந்திருக்கிறது.

அடுத்தது, வெட்டிய வாக்கியங்களை ஒழுங்குபடுத்துதல். பழைய முறைதான், ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் கூர்மையாகும். உலர்த்தும் முறை பற்றிய எட்டு வாக்கியங்களைத் துண்டுகளாக்கிக் கொடுத்தால், ஏலத்தோட்டத்துப் பிள்ளை அனுபவத்தைக் கொண்டே அடுக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் ஏன் அங்கே வைத்தோம் என்பதற்கு அந்தத் துண்டிலுள்ள ஒரு சொல்லைச் சான்றாகக் காட்ட வேண்டும்: ‘அதற்குள்’, ‘இவ்வாறு’, ‘உலர்ந்த பின்’, ‘அவற்றை’. ‘அவை’ என்றால் எவை என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வது சிறிய வேலையாகத் தோன்றும். சுட்டுச்சொல்லைத் தொடர்ந்து போவதுதான் பத்தி வாசிப்பின் பாதி.

மூன்றாவது, பாலின்சர்–பிரவுன் முறையின் நான்கு வேலைகளையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளும் நால்வர் குழு. அதில் ‘புரியாத இடத்தைச் சொல்பவர்’ என்னும் பொறுப்பை மட்டும் வாரந்தோறும் வகுப்பின் மிகச் சிறந்த மாணவரிடம் தொடங்குவது நம் வகுப்புகளுக்குத் தேவை. புரியவில்லை என்று சொல்வது தோல்வி என்ற எண்ணம் அப்போதுதான் உடையும்.

7. பேச்சுத் தமிழும் பிற வீட்டுமொழிகளும்

இப்பகுதியின் வீடுகளில் தமிழ் மட்டும் பேசப்படவில்லை. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள சமூகங்கள் போடி, கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் உண்டு. மலைக்குடிகளில் முதுவர்கள் தங்களுக்கென்று ஒரு பேச்சைப் பேசுகிறார்கள். மலைக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைகளின் தமிழில் மலையாளச் சொற்கள் இயல்பாகக் கலந்திருக்கும். பாடநூல் தமிழ் இவர்கள் எல்லோருக்குமே இரண்டாவது மொழி, அளவுதான் வேறு.

இந்தத் தொலைவைக் கடக்க ஒரு வழி, பேச்சையே வாசிப்புப் பொருளாக்குவது. நியூசிலாந்தின் மாவோரிக் குழந்தைகளோடு வேலை செய்த சில்வியா ஆஷ்டன் வார்னர், குழந்தைகளின் வாயிலிருந்து வந்த சொற்களையே அவர்களின் முதல் வாசிப்புச் சொற்களாக்கினார். 1963இல் வெளியான அவருடைய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கம் விடுகதையையும் சொலவடையையும் வாசிப்பு மையத்துக்குள் கொண்டுவந்தது. அந்த இயக்கத்தில் உழைத்த பேராசிரியர் ச. மாடசாமி, பின்னர் வகுப்பறை பற்றி எழுதிய ‘என் சிவப்புப் பால்பாயிண்ட் பேனா’ போன்ற நூல்களில், திருத்தும் அதிகாரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும் ஆசிரியரை முன்னிறுத்தினார்.

நடுநிலை வகுப்பில் இதை ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும். வீட்டில் ஒருவரிடம் ஒரு வேலையைப் பற்றிக் கேட்டு, அவர் பேசியபடியே எழுதி வரச் சொல்லலாம்: காய் தரம் பிரிப்பது, ஜீப்பில் இடம் பிடிப்பது, போடிக்கு வந்த ரயில் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோய் 2023 ஜூனில் மீண்டும் ஓடத் தொடங்கியது, எதுவானாலும் சரி. அந்தப் பேச்சு வடிவம் பிழையின்றிப் பதிவாகியிருக்கிறதா என்பதே முதல் வாரத்தின் அக்கறை. இரண்டாவது வாரத்தில் அதே செய்தியைப் பாடநூல் தமிழில் ஒரு பத்தியாக எழுத வேண்டும். மூன்றாவதாக இரண்டையும் பக்கத்தில் வைத்து, பேச்சில் தனித்தனியாக இருந்த மூன்று வாக்கியங்கள் எழுத்தில் எந்த எச்சத்தால் ஒன்றாயின என்று கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து வாக்கியத்தை அவிழ்க்கும் திறன், அதைக் கட்டிப் பார்த்தவருக்கே விரைவில் வரும். பேச்சுத் தமிழைக் கொச்சை என்று துரத்தினால் இந்த ஒப்பீட்டுக்கான மூலப்பொருளே வகுப்பிலிருந்து போய்விடும். அதைப் போற்றி எழுத்துத் தமிழை ஒதுக்கினால், மேல்வகுப்பின் எல்லாப் பாடநூல்களும் இந்தப் பிள்ளைகளுக்கு மூடிய கதவாகும்.

8. பருவம், நூல், தேர்வு

ஏலக்காய்ப் பறிப்பு ஆடி ஆவணியில் தொடங்கி மாசி வரை சுற்றுச் சுற்றாக நடக்கிறது. பள்ளி ஆண்டின் நெஞ்சுப்பகுதி அது. மூத்த பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பதும், குடும்பம் சில வாரங்களுக்கு மலைமேல் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் தங்கிவிடுவதும் அப்போதுதான். இடுக்கிப் பக்கத் தமிழ்வழிப் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குக் கேரளத்தின் தமிழ்ப் பாடநூல். திரும்பி வந்தால் தமிழ்நாட்டினுடையது. இயலுக்கு இயல் வரிசையாகப் போகும் திட்டம் இவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். ஒரே அமர்வில் தொடங்கி முடியும் தனிப்பத்திகளைக் கொண்ட வாசிப்பு வேலை இவர்களுக்குப் பொருந்தும். எந்த வாரம் திரும்பினாலும் அன்றைய பத்தியோடு சேர்ந்துகொள்ளலாம்.

அதற்கான நூல்களும் இதழ்களும் முன்பு இருந்ததைவிட இன்று அதிகம். ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் ‘தேன்சிட்டு’ இதழைத் தொடங்கியது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம், ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு நிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. வகுப்பைப் பாராமல் வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிள்ளைக்குப் புத்தகம் கொடுப்பது என்ற எண்ணம் மிகச் சரியானது. 2025இல் நடுநிலை வகுப்புகளின் அடிப்படைத் திறன்களுக்காகத் ‘திறன்’ என்னும் திட்டம் வந்திருக்கிறது. இதில் ஒரு கவனம் தேவை. பின்தங்கிய பிள்ளைகளுக்கு எளிய பத்தி மட்டுமே என்று வகுத்துவிட்டால், எச்சம் அடுக்கிய வாக்கியத்தை அவர்கள் சந்திக்கவே மாட்டார்கள். எழுத்துக் கூட்டும் பயிற்சி ஒருபுறம் நடக்கட்டும். ஆசிரியர் உரக்க வாசித்து வகுப்பு முழுவதும் சேர்ந்து அவிழ்க்கும் கடினமான பத்தி, நாளுக்கு ஒன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

எல்லாவற்றையும் கடைசியில் தேர்வுத்தாள் தீர்மானிக்கிறது. பருவத் தேர்வின் தமிழ்த்தாளில் பாடநூலுக்கு வெளியிலிருந்து வரும் பத்திக்கு ஒதுக்கப்படும் இடம் சிறிது. அதிலும் வினாக்கள் வரியைத் திருப்பிக் கேட்பவை. ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில், பருவத்துக்குப் பத்துப் புதிய பத்திகளை அவர்களே எழுதிச் சேர்க்க முடியும். ஒவ்வொரு பத்திக்கும் நான்கு வினா போதும்: ஒரு சுட்டுச்சொல் எதைக் குறிக்கிறது, ஒரு நீண்ட வாக்கியத்தில் செய்தவர் யார், பத்தி சொல்லாத ஆனால் அதிலிருந்து உறுதியாகக் கொள்ளக்கூடிய ஒன்று எது, பத்தியில் எந்த இடம் தெளிவாக இல்லை. நான்காவது வினாவுக்கும் மதிப்பெண் தர வேண்டும்.